டில்லிக்கு வருகிறீர்களா? மாலையைக் காலியாக வையுங்கள்

டில்லிக்கு ரயில் டிக்கெட் போட்டுவிட்டு, "அங்கே என்னதான் பார்ப்பது?" என்று கேட்டு எழுதுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். டில்லிவாசி என்பதால் ஆசிரியர் அந்தக் கடிதங்களை என் பக்கம் தள்ளிவிட்டார். சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: மூன்று நாள் டில்லி. செங்கோட்டை, குதுப்மினார், இந்தியா கேட், தாமரைக் கோயில், அக்‌ஷர்தாம் எல்லாம் டூர்காரர் பட்டியலில் இருக்கின்றன. ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா?
(வாசகி, கும்பகோணம்)

மாலை விட்டுப்போயிருக்கிறது அம்மா. டூர் பஸ்கள் ஆறு மணிக்கு உங்களை லாட்ஜில் இறக்கிவிட்டுப் போய்விடும். இந்த ஊரில் பாட்டும் கூத்தும் நாடகமும் தொடங்குவதே ஆறரை மணிக்குத்தான். அது அடுத்த பதிலில்.

பகலுக்கு ஒன்று சொல்கிறேன். தாமரைக் கோயிலை வண்டியிலிருந்தே பார்த்துக்கொண்டு, அந்த நேரத்தை ஜன்பத்தில் இருக்கும் தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள். அங்கே ஹரப்பா கூடத்தில், 1926-ல் மொஹெஞ்சதாரோவில் கிடைத்த 'நடனப் பெண்' இருக்கிறாள். பாடப் புத்தகப் படத்தைப் பார்த்து ஆளுயரச் சிலை என்று நினைத்து வருகிறவர்கள், கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டே அவளைத் தேடுவார்கள். மொத்த உயரம் 10.5 செ.மீ.தான். இடது கையில் தோள் வரைக்கும் வளையல், வலது கையில் நாலே நாலு. அந்த வலது கையை இடுப்பில் ஊன்றி, முகவாயைத் தூக்கி, 'என்ன இப்போ?' என்கிற தோரணையில் நிற்கிறாள். வயது நாலாயிரத்துச் சொச்சம். மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகத்தை ஊற்றும் முறையில் வார்த்தது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றைக்கும் செய்வது அதே வேலைதான்.

பக்கத்திலேயே நகைகளையும் பாருங்கள். பிரிவினையின்போது மொஹெஞ்சதாரோ பொருட்களை இரண்டு நாடுகளும் பங்கு போட்டுக்கொண்டன. நடனப் பெண் டில்லிக்கு வந்தாள். 'பூசாரி அரசன்' என்கிற சிலை இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. கழுத்து மாலையைக்கூட விடவில்லை. கோத்திருந்ததைப் பிரித்து மணிகளை ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். குடும்பச் சொத்துப் பிரிக்கிறபோது நாம் பார்க்காததா!

ஒரு எச்சரிக்கை: இந்த அருங்காட்சியகம், செங்கோட்டை, அக்‌ஷர்தாம் எல்லாவற்றுக்கும் திங்கள் விடுமுறை. திங்கள்கிழமையை ஹுமாயூன் கல்லறைக்கும் குதுப்மினாருக்கும் ஒதுக்குங்கள்.

கேள்வி: எனக்கு ஹிந்தி சுத்தமாகத் தெரியாது. டில்லியில் நாடகம் பார்ப்பது வீண்தானே?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், விருதுநகர்)

வீண் இல்லை சார். 'மண்டி ஹவுஸ்' மெட்ரோ நிலையத்தில் இறங்குங்கள். ஒரு ரவுண்டானாவைச் சுற்றி, நடந்துபோகிற தூரத்தில் தேசிய நாடகப் பள்ளி, ஸ்ரீராம் சென்டர், கமானி அரங்கம், திரிவேணி கலா சங்கமம், சாகித்ய அகாதமியும் சங்கீத நாடக அகாதமியும் இருக்கிற ரவீந்திர பவன் எல்லாம் இருக்கின்றன. இத்தனை அரங்கங்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிற இடம் நம் நாட்டில் வேறு எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. நடன நிகழ்ச்சிகள், கச்சேரிகள் பலவற்றுக்குக் கட்டணமே கிடையாது. முதலில் வருகிறவருக்கு முதல் வரிசை. ஐந்து மணிக்கே போய், சுவரொட்டிகளைப் படித்து அன்றைக்கு எங்கே என்ன என்று முடிவு செய்வதுதான் என் வழக்கம். இணையத்தில் தேடினால் பாதி நிகழ்ச்சிகள் கண்ணில் படாது.

நாடகம் என்றால் கதை தெரிந்ததாகத் தேர்ந்தெடுங்கள். மகாபாரதக் கதை, ஷேக்ஸ்பியர் மாதிரி. நாடகப் பள்ளியின் ரெபர்ட்டரி குழு (அதன் தொழில்முறை நடிகர் குழு) பெரும்பாலும் கோடையில் தொடர்ந்து நாடகம் போடும்; நடிகர்களின் உடம்பே பாதிக் கதையைச் சொல்லிவிடும். அந்தப் பள்ளி 1999-லிருந்து நடத்தும் 'பாரத் ரங் மகோத்சவ்' விழாவுக்கு வந்தால் பல மொழி நாடகங்கள் கிடைக்கும். நவராத்திரி சமயம் என்றால், பக்கத்திலேயே ஸ்ரீராம் பாரதிய கலா கேந்திரா 1957 முதல் ஆண்டுதோறும் நடத்தும் ராமாயண நாட்டிய நாடகம். அதற்கு எந்த மொழியும் வேண்டாம். திரும்புவதற்குக் கவலை இல்லை, மெட்ரோ இரவு பதினோரு மணி வாக்கில்வரை ஓடும்.

கேள்வி: நிஜாமுதீன் தர்காவில் வியாழக்கிழமை கவாலி கேட்க ஆசை. நாங்கள் மூன்று பேரும் பெண்கள், முஸ்லிம்கள் இல்லை. போகலாமா?
(வாசகி, திருச்சி)

தாராளமாக. நாகூருக்குப் போய்வந்தவர்களுக்கு எதுவும் அந்நியமாகத் தெரியாது. தலையை மூடத் துப்பட்டா எடுத்துக்கொள்ளுங்கள். சூஃபி ஞானி நிஜாமுதீன் அவுலியாவின் சமாதி இருக்கிற உள் அறைக்குள் பெண்களை விடமாட்டார்கள். வெளியே முற்றத்தில் உட்காரலாம், கவாலி என்கிற அந்த சூஃபி பக்திப் பாட்டு நடப்பதும் அங்கேதான். எனக்கு அந்த விதி பிடிக்கவில்லை, ஆனால் அதற்காகப் பாட்டை விடவும் மனசு வரவில்லை.

வழிநெடுகப் பூக்கடைக்காரர்கள் "செருப்பை இங்கே விடுங்கள்" என்று கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிடுவார்கள். விட்டால் பூவும் சால்வையும் தலையில் கட்டிவிடுவார்கள். சிரித்துக்கொண்டே நடங்கள், வாசல் அருகே போய் விட்டுக்கொள்ளலாம். உள்ளே நன்கொடைப் புத்தகத்தை நீட்டுகிறவர்களுக்கும் அதே சிரிப்பு.

முதலில் கவிஞர் அமீர் குஸ்ரோவின் சமாதிக்கும், பிறகு குருவான நிஜாமுதீனின் சமாதிக்கும் போவது அங்கே மரபு. குருவும் சீடரும் ஒரே ஆண்டில், 1325-ல், மறைந்தவர்கள். மாலைத் தொழுகை முடிந்ததும் ஹார்மோனியப் பெட்டியோடு பாடகர்கள் வந்து உட்காருவார்கள். மூத்தவர் ஒரே அடியைப் பிடித்துக்கொண்டு, நம் கர்நாடகக் கச்சேரி நிரவல் போலச் சுற்றிச் சுற்றி வருவார். பின்னால் இருக்கிறவர்கள் கைதட்டிக்கொண்டே வேகத்தைக் கூட்டுவார்கள். கூட்டத்தில் யாராவது எழுந்து பத்து ரூபாய் நோட்டை வைத்துவிட்டுப் போவார், பாட்டு நிற்காது.

அன்றைய மதியத்தை ஹுமாயூன் கல்லறைக்கு வைத்துக்கொண்டால் அலைச்சல் இல்லை. சாலைக்கு அந்தப் பக்கம்தான்.

கேள்வி: பேரனுக்கு எட்டு வயது. மியூசியம் என்றாலே ஓடுகிறான்.
(தாத்தா, ஈரோடு)

சாணக்யபுரி ரயில் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போங்கள். பாட்டியாலா சமஸ்தானத்தில் ஓடிய ஒற்றைத் தண்டவாள ரயிலின் 1907-ம் ஆண்டு நீராவி எஞ்சின் அங்கே நிற்கிறது. சிறு சக்கரங்கள் தண்டவாளத்தில், சாயாமல் தாங்குகிற பெரிய சக்கரம் சாலையில்! குட்டி ரயிலில் ஒரு சுற்றும் வரலாம். நேரமிருந்தால் கார்ட்டூனிஸ்ட் சங்கர் தொடங்கிய பொம்மை அருங்காட்சியகம். இரண்டுக்கும் திங்கள் லீவு.

கேள்வி: எந்த மாதம் வரலாம்?
(வாசகர், சேலம்)

பிப்ரவரி, மார்ச். குடியரசுத் தலைவர் மாளிகையின் அம்ரித் உத்யான் தோட்டத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் பருவம்; இலவசம், ஆனால் ஆன்லைனில் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். நவம்பரில் காற்று மோசம். டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதிவரை மூடுபனியால் ரயிலும் விமானமும் தாமதமாகும். ஜனவரி 26-ஐ ஒட்டிச் செங்கோட்டையைச் சில நாள் மூடிவிடுவார்கள்.

கேள்வி: அக்‌ஷர்தாமில் போட்டோ எடுக்கலாமா?
(வாசகி, நாகர்கோவில்)

முடியாது. செல்போனையே உள்ளே விடுவதில்லை. வாசலில் ஒப்படைக்கிற வரிசை நீளம் என்பதால், குடும்பத்தில் எல்லோருடைய போனையும் ஒரே பையில் போட்டு ஒருவரை மட்டும் நிற்கச் சொல்லுங்கள்.