ஃபோம் ஒட்டியும் பேச்சு வெளியே கேட்கிறதே, ஏன்?

கேள்வி: நான் மனநல ஆலோசகர். அலுவலகக் கட்டடம் ஒன்றில் ஆலோசனை அறையும் அதை ஒட்டிய காத்திருப்பு அறையும் வைத்திருக்கிறேன். நடுவில் ஜிப்சம் போர்டு தடுப்பு, அதில் ஒரு கதவு. உள்ளே பேசுவது வெளியே காத்திருப்பவருக்கு வார்த்தை பிசகாமல் கேட்கிறது. தடுப்பு முழுக்க ஃபோம் ஒட்டினேன். அறைக்குள் முழக்கம் அடங்கிவிட்டது, வெளியே கேட்பது மட்டும் குறையவில்லை. இன்னும் தடிமனான ஃபோம் ஒட்டலாமா? சுவருக்கு இன்னோர் அடுக்கு போர்டு போடலாமா? இல்லை, என் அறைக்குள் சீரான இரைச்சல் தரும் கருவி ஒன்றை வைத்தால் போதுமா?

பதில்: மூன்றுமே இப்போதைக்கு வேண்டாம். உங்கள் பணம் போக வேண்டிய இடம் கதவு. அதற்கு அடுத்து ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இருக்கும் இடம். கடைசியாக, காத்திருப்பு அறையில் கொஞ்சம் சத்தம்.

முதலில் ஃபோம் விஷயத்தை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் அதை ஒட்டிவிட்டுத்தான் வருகிறார்கள். ஒலியை உறிஞ்சுவது ஒரு வேலை, ஒலியைத் தடுப்பது வேறொரு வேலை. ஃபோம் முதல் வேலையை மட்டும் செய்யும். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் அருங்காட்சியக விரிவுரைக் கூடத்தில் பேராசிரியர் பேசுவது யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல் அடங்க ஐந்தரை விநாடி ஆனது, அதற்குள் அடுத்த பத்துச் சொற்கள் அதன்மேல் ஏறிவிடும். வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியலாளர், பக்கத்து அரங்கின் மெத்தைகளை இரவில் சுமந்துவந்து கூடத்தில் பரப்பி, மெத்தை கூடக்கூட முழக்கம் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். அறை ஒலியியல் என்ற துறை அந்த மெத்தைகளிலிருந்துதான் தொடங்கியது. மெத்தையும் ஃபோமும் தீர்ப்பது அந்த நோயை. உங்கள் நோய் வேறு.

உங்கள் அறையிலேயே கணக்குப் போடலாம். நாலு மீட்டருக்கு மூன்றரை மீட்டர், உயரம் இரண்டரை என்று வையுங்கள். வெறும் சுவரும் டைல்ஸ் தரையுமாக இருந்தால் சபைன் சூத்திரப்படி முழக்கம் ஏறக்குறைய 1.4 விநாடி. எட்டுச் சதுர மீட்டர் நல்ல ஃபோம் ஒட்டினால் அது 0.6 விநாடிக்கு இறங்கும். காதுக்கு இது பெரிய மாற்றம், அதைத்தான் நீங்கள் உணர்ந்தீர்கள். ஆனால் அறைக்குள் ஒலியின் அளவு குறைந்தது 4 டெசிபல் மட்டுமே. வெளியே குறைவதும் அவ்வளவுதான். போதாததற்கு, முழக்கம் போனதால் சொற்கள் ஒன்றோடொன்று குழம்பாமல் தெளிவாகிவிட்டன. கசிகிற பேச்சும் அதே தெளிவோடு கசியும். ஒட்டியதைப் பிய்க்க வேண்டாம், அது உள்ளே இருப்பவருக்கு நல்லது. ஆனால் ஒட்டியிருப்பது மலிவான பாலியூரிதேன் என்றால், தீப்பிடித்தால் மளமளவென்று எரிந்து நச்சுப்புகை கக்கும் சரக்கு அது. தீத்தடுப்புச் சான்று உள்ளதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லாவிட்டால் ஒலியை மறந்துவிட்டு முதலில் அதைக் கழற்றுங்கள்.

இப்போது கதவு. தடுப்பு மொத்தம் பத்துச் சதுர மீட்டர் என்று கொள்வோம். சுவர் சுமாரான சுவர், 45 டெசிபல் தடுக்கிறது. கதவுக்குக் கீழே ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. கதவின் அகலம் 90 சென்டிமீட்டர் என்றால் அந்தச் சந்தின் பரப்பு 90 சதுர சென்டிமீட்டர். மொத்தத் தடுப்பில் அது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் சந்தில் விழுகிற ஒலி முழுவதும் அப்படியே வெளியே போகும். ஒலியின் ஆற்றல் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் அது 10 டெசிபல், ஆயிரத்தில் ஒரு பங்கு வெளியேறினால் தடுப்பு 30 டெசிபல், அதற்கு மேல் ஏறவே ஏறாது. பாக்கித் தடுப்பைக் கருங்கல்லால் கட்டினாலும் இதுதான் உச்சவரம்பு. இதோடு கதவுப் பலகையும் உள்ளே கூடான லேசான ரகம் என்றால் அது தடுப்பது 20 டெசிபல் அளவில்தான். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் சுவர், கதவு, சந்து மூன்றுக்கும் மொத்தமாக 25 டெசிபல் வரும். நீங்கள் யோசிக்கும் அந்தக் கூடுதல் அடுக்கைப் போட்டுச் சுவரை 45லிருந்து 55க்கு உயர்த்தினால்? மறுபடியும் 25தான்.

கதவை மாற்றினால் கணக்கே மாறும். உள்ளே கெட்டியான, கனமான பலகை வேண்டும். நிலையின் மூன்று பக்கமும் ரப்பர் பட்டை. கீழே, கதவு மூடும்போது தானாக இறங்கித் தரையை அழுத்தும் டிராப் சீல். பொருத்துவதில் நேர்த்தி இருந்தால் கதவு மட்டும் 35 டெசிபல் தரும், மொத்தத் தடுப்பு 40 பக்கம் போய்விடும். சுவரைத் தொடாமலே 15 டெசிபல் லாபம். ஒலி 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதியாகத்தான் தெரியும் என்பதை வைத்து இதன் மதிப்பைப் பாருங்கள். ஆசாரி வேலையை முடித்ததும் ஒரு தாளை நிலைக்கும் கதவுக்கும் நடுவே வைத்து மூடி இழுங்கள். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் அழுந்தவில்லை என்று பொருள். கீல் பக்கமும் பாருங்கள், எல்லோரும் மறப்பது அதைத்தான்.

கதவைச் சரிசெய்த பிறகுதான் கூரை வாய் திறக்கும். அதுவரை அதன் குரல் கதவுச் சந்தின் குரலில் அமுங்கிக் கிடக்கும். அலுவலகக் கட்டடங்களில் பல தடுப்புகள் ஃபால்ஸ் சீலிங்கோடு நின்றுவிடும், அதற்கு மேலே கான்கிரீட் தளம் வரை ஒரே காலி இடம். ஏணி போட்டு, தடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சீலிங் டைலைத் தூக்கி டார்ச் அடியுங்கள். வெளிச்சம் பக்கத்து அறைப் பக்கம் போனால் பேச்சும் அந்த வழியே போகிறது. லேசான கண்ணாடி இழை டைல் நன்றாக உறிஞ்சும், ஆனால் தடுக்காது. ஃபோமுக்குச் சொன்னதே இதற்கும். சரியான வைத்தியம், தடுப்பைத் தளம் வரை போர்டால் நீட்டி விளிம்புகளைக் கெட்டியாகாத சீலன்ட்டால் அடைப்பது. அங்கே இரு அறைகளுக்கும் பொதுவாக ஏசி டக்ட் ஓடினால் அது பேசும் குழாய்தான். உள்பக்கம் ஒலி உறிஞ்சும் உறையும் ஒன்றிரண்டு வளைவும் கொடுக்கச் சொல்லுங்கள்.

சுவிட்ச் பெட்டிகளையும் விடாதீர்கள். சுவரின் இரு பக்கமும் முதுகோடு முதுகாகப் பெட்டி வைத்திருந்தால், அந்த இடத்தில் சுவர் என்று ஒன்று கிடையாது, இரண்டு பிளாஸ்டிக் தகடுகள் மட்டும்தான் இருக்கும். நான் ஒருமுறை ஓர் ஆலோசனை அறையில் அரைநாள் கருவியோடு சுற்றிவிட்டு, கடைசியில் ஒரு பிளக் பாயின்ட்டில் காதை வைத்தேன். உள்ளே பேசியவர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

கதவில் கண்ணாடி இருந்தால் ஒரு சொல். 6 மில்லிமீட்டர் ஒற்றைக் கண்ணாடி 2000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலியோடு சேர்ந்து ஆடி, அதைச் சுலபமாக வெளியே விட்டுவிடும். பேச்சைப் புரியவைக்கும் பகுதி அங்கேதான் இருக்கிறது. லேமினேட்டட் கண்ணாடியில் நடுவிலுள்ள படலம் அந்த ஆட்டத்தை அமுக்கும்.

பேச்சைப் புரியவைக்கும் பகுதி என்றேன் அல்லவா, அதைக் கொஞ்சம் விரிக்க வேண்டும். கடை, சடை, தடை, படை. நாலு சொல்லிலும் உயிரோசை ஒன்றே. குரலின் பலம் பெரும்பாலும் அந்த ஓசையில்தான் இருக்கிறது, அது தாழ்ந்த அதிர்வெண். எந்தச் சொல் என்று பிரித்துக் காட்டுவது முன்னால் வரும் அந்தச் சின்ன வல்லெழுத்து. பலம் குறைந்தது, பெரும்பாலும் 1500 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையில் இருப்பது, கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுவது. அதைக் காதுக்கு எட்டாமல் செய்துவிட்டால் வெளியே இருப்பவருக்கு 'யாரோ பேசுகிறார்கள்' என்று மட்டும் தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. உங்களுக்குத் தேவை அதுதான். ஒரு சத்தமும் வெளியே வரக்கூடாது என்று ஒப்பந்தக்காரரிடம் சொன்னீர்களானால் அவர் ஒலிப்பதிவுக்கூடத்துக்கு மதிப்பீடு போட்டுக் கொடுப்பார்.

இங்கேதான் காத்திருப்பு அறையின் சத்தம் வருகிறது. பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே என்று சும்மா சொல்லவில்லை. இரவில் சுற்றுச் சத்தம் அடங்கிவிடுவதால் அதே பேச்சு தூரம் போகும். எங்கள் தொழிலில் இதற்கு ஒரு குத்துமதிப்பான கூட்டல் உண்டு: தடுப்பின் டெசிபலோடு, கேட்பவர் இருக்கும் இடத்தின் பின்னணிச் சத்தத்தைக் கூட்டுங்கள். 75ஐத் தொட்டால் சொற்கள் மங்கத் தொடங்கும், 80ஐத் தொட்டால் சாதாரணக் குரலுக்கு நிம்மதியாக இருக்கலாம். உங்கள் இன்றைய நிலை 25. காத்திருப்பு அறை நிசப்தமாக இருந்தால் பின்னணி 30. ஆக 55. கதவும் கூரையும் சரியானால் 40, அப்போதும் 70தான். பின்னணியை 40க்கு ஏற்றுங்கள், 80 வந்துவிடும்.

ஆகவே உங்கள் மூன்றாவது யோசனை பாதி சரி. கருவி சரி, வைக்க நினைத்த இடம் தவறு. அது கேட்பவர் காதருகே இருக்க வேண்டும். உங்கள் அறைக்குள் வைத்தால் நீங்களும் எதிரில் இருப்பவரும் அதை மீறிப் பேசக் குரலை உயர்த்துவீர்கள். எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911லேயே விவரித்த பழக்கம் இது, மனிதன் அறியாமலே செய்வது. காத்திருப்பு அறையிலும் இதே காரணத்துக்காக 45க்கு மேல் போகாதீர்கள். 'ஸ்ஸ்ஸ்' என்று சீறுகிற வெள்ளை இரைச்சல் பத்து நிமிடத்தில் தலைவலி தரும். மேல் அதிர்வெண்கள் படிப்படியாகக் குறைந்து, ஏசி காற்று வீசுவதுபோல் ஒலிப்பதே பேச்சை மறைப்பதற்கென்று செய்த கருவியின் அடையாளம். பாட்டு போடலாமே என்பார்கள். பாட்டில் இடைவெளிகள் உண்டு, சரியாக அந்த இடைவெளியில்தான் உங்கள் அறையிலிருந்து ஒரு பெயர் நழுவி வரும்.

காசு செலவில்லாமல் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று. உங்களிடம் வருபவர் கதவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாரா? நாற்காலியைத் திருப்பிப் போடுங்கள். அந்தச் சின்ன வல்லெழுத்துகள் வாய்க்கு நேரே பாய்பவை, முதுகுப் பக்கம் நன்றாகக் குறையும். வெளியே கதவை ஒட்டிப் போட்ட நாற்காலியைத் தள்ளிப் போடுங்கள். கதவுச் சந்திலிருந்து ஒரு மீட்டரில் இருந்தவர் இரண்டு மீட்டருக்குப் போனால் சந்து வழியே நேராக வரும் ஒலி 6 டெசிபல் வரை குறையும்.

வேலைக்கு முன்னும், ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னும் சோதியுங்கள். ஃபோன் செயலியில் டெசிபல் பார்க்கலாம், முன்னுக்குப் பின் ஒப்பிட உதவும். ஆனால் நான் நம்புவது காகிதத்தையும் பேனாவையும். கடை, சடை, தடை, படை, நடை, மடை, விடை, எடை என்று ஒரே சாயல் சொற்களை இருபது எழுதி, கலைத்துப் போட்டு, உள்ளே ஒருவரைச் சாதாரணக் குரலில் வாசிக்கச் சொல்லுங்கள். பட்டியலைப் பார்த்திராத ஒருவர் வெளியே உட்கார்ந்து கேட்டதை எழுதட்டும். நீங்களே கேட்பவராக உட்காராதீர்கள். தெரிந்த பேச்சில் விட்டுப்போன எழுத்தை மூளை தானாக நிரப்பிவிடும், உண்மையைவிட மோசமாகத் தெரியும். தெரியாதவர் பதினெட்டைச் சரியாக எழுதினால் சந்து இன்னும் திறந்திருக்கிறது. மூன்று, நான்கு என்றால் அவர் ஊகித்து எழுதியிருக்கிறார், வேலையை நிறுத்திக்கொள்ளலாம். கட்டடம் அடங்கிய மாலை நேரத்தில் இன்னொரு தடவை செய்யுங்கள். கடைசி ஆலோசனை எத்தனை மணிக்கு வைக்கிறீர்களோ, அந்த நேரத்து மதிப்பெண்தான் கணக்கு.