கொள்வனையும் கொடுப்பனையும்

கேள்வி: "உயிர்த்தெழுதலில் கொள்வனையும் கொடுப்பனையும் இல்லை" என்று மத்தேயு 22-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்கிறார். 41 வருடம் என்னோடு வாழ்ந்த கணவர் போன ஆண்டு காலமானார். "பரலோகத்தில் அவர் உங்களுக்கு யாருமே இல்லை, மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள்" என்கிறார் எங்கள் ஜெபக்குழுவில் ஒரு சகோதரர். அப்படியா?
– ஒரு வாசகி, ஈசூன்

பதில்: கொள்வனை! இந்தச் சொல்லைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. இப்போது எல்லோரும் 'திருமணம்' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். பொருள் தவறில்லை, ஆனால் பாதி நழுவிவிடுகிறது. கிரேக்க மூலத்தில் இரண்டு வினைகள் இருக்கின்றன: ஆண் பெண்ணைக் கொள்வது ஒன்று, பெண் கொடுக்கப்படுவது இன்னொன்று. பழைய தமிழ் வேதாகமம் இரண்டையும் நம் வீட்டுப் பேச்சிலேயே பிடித்தது. லூக்காவில் இன்னும் பச்சையாக, "பெண்கொண்டும் பெண்கொடுத்தும் வருகிறார்கள்."

நம் வீடுகளில் இந்தச் சொல் எப்போது வாயில் வரும் என்று உங்களுக்குத் தெரியும். "அவங்களுக்கும் நமக்கும் கொள்வனை கொடுப்பனை கிடையாது." சாதிப் பேரை வாயால் சொல்லாமல் சாதியைச் சொல்லிவிடும் வாக்கியம் அது. சிங்கப்பூரில் பிறந்து, ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகும் பெரியவர்கள் வாயிலிருந்தே இதைக் கேட்டிருக்கிறேன். 'மணமகள் தேவை' விளம்பரத்தில் 'கிறிஸ்தவ' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சாதிப் பெயர் போடமாட்டோம் என்று இந்தப் பத்திரிகை முடிவெடுத்தபோது, சிலர் சந்தாவை நிறுத்தினார்கள். இன்றைக்கும் என் முடிவு அதுதான். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் கிறிஸ்தவக் கோயிலுக்குள்ளேயே சாதிக்கு ஒரு பக்கமாக மக்களைப் பிரித்து நின்ற சுவரை 1910-இல் இடித்தார்கள். அந்தச் சுவரின் செங்கலை நாம் கடல் தாண்டிக் கொண்டுவந்து கல்யாணப் பேச்சில் அடுக்கி வைத்திருக்கிறோம். பரலோகத்தில் கொள்வனை கொடுப்பனை இல்லை என்று ஆண்டவர் சொன்னதை முதலில் அந்த வீடுகளில் உரக்க வாசிக்க வேண்டும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அந்த வசனம் ஒரு குதர்க்கக் கேள்விக்குப் பதிலாக வந்தது. கேட்டவர்கள் சதுசேயர், உயிர்த்தெழுதலே இல்லை என்பவர்கள். அண்ணன் பிள்ளையில்லாமல் செத்தால் தம்பி அவன் மனைவியைக் கட்டி, செத்தவன் பேர் சொல்ல ஒரு வாரிசு பெற்றுத்தர வேண்டும் என்பது உபாகமம் 25-இல் உள்ள சட்டம். அதை வைத்துக் கதை கட்டினார்கள். சகோதரர்கள் ஏழு பேர். ஒருவன்பின் ஒருவனாக ஒரே பெண்ணைக் கட்டி ஏழு பேரும் செத்தார்கள், கடைசியில் அவளும் செத்தாள். உயிர்த்தெழுதலில் "எவனுக்கு அவள் மனைவியாயிருப்பாள்?"

அந்தப் பெண்ணுக்குப் பேர் இல்லை. ஏழு முறை தாலியறுத்தவள் என்ன நினைத்தாள் என்று கேட்க அங்கே ஆள் இல்லை. எவனுக்கு என்பதுதான் அவர்களுடைய கவலை. லூக்காவின்படி இயேசு சொன்ன காரணம்: "இனி மரிக்கவும் மாட்டார்கள்." சாவே இல்லாத இடத்தில், செத்தவனுக்கு வாரிசு பெற்றுக் கொடுக்கும் வேலையும் இல்லை. அவளைக் கை மாற்றிக் கை மாற்றிக் கொடுக்கவும் யாருக்கும் உரிமை இல்லை. நான் இந்த வசனத்தை அப்படித்தான் வாசிக்கிறேன். அவளுக்கு விடுதலை சொன்ன வசனத்தை எடுத்து, உங்களைப் போல் துக்கத்தில் இருப்பவரை அடிப்பது எனக்குக் கோபம் வரவைக்கிறது.

கல்யாண பந்தம் மரணத்தோடு முடிகிறது என்பது சபைகள் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும் போதனைதான். "மரணம் நம்மைப் பிரிக்கும்வரை" என்றுதான் பீடத்தின் முன் சொல்கிறோம். ரோமர் 7-உம் அதையே சொல்கிறது. நித்தியத்துக்கும் சேர்த்து மணமுடிக்கும் வழக்கம் மோர்மன்களுடையது, அது தனிப் போதனை. ஆனால் 'யாருமே இல்லை' என்று எந்த அதிகாரத்தில் இருக்கிறது? "சரீரம் உயிர்த்தெழுதலும் நித்திய ஜீவனும் உண்டென்று விசுவாசிக்கிறேன்" என்று விசுவாசப் பிரமாணத்தில் வாராவாரம் எழுந்து நின்று சொல்கிறோமே! எழுவது ஆள்தான், பேரழிந்த ஆவி இல்லை. பெண்கள் எல்லோரும் ஆணாக எழுப்பப்படுவார்கள் என்று ஒரு காலத்தில் சிலர் வாதாடினார்கள். ஐந்தாம் நூற்றாண்டில் ஹிப்போ நகர ஆயர் அகஸ்தீன் அதை மறுக்க இதே வசனத்தைத்தான் எடுத்தார். கொடுக்கப்படுவது பெண், கொள்வது ஆண். அங்கே இரண்டும் இல்லை என்று ஆண்டவர் சொல்கிறார் என்றால் அங்கே பெண்ணும் இருக்கிறாள், ஆணும் இருக்கிறான் என்றார். அப்புறம், யோவான் 20. கல்லறைத் தோட்டத்தில் மகதலேனா மரியாள் இயேசுவைத் தோட்டக்காரன் என்று நினைக்கிறாள். "மரியாளே" என்று அவர் கூப்பிட்டதும் தெரிந்துகொள்கிறாள். உயிர்த்தெழுந்தவர் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார், அம்மா.

2001-இல் தொடங்கி இங்கே சிங்கப்பூரின் பிடாடரி இடுகாட்டில் ஏறத்தாழ 58,000 கிறிஸ்தவக் கல்லறைகளைத் தோண்டினார்கள். இன்று அங்கே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகள். தாத்தாவின் முறை வந்தபோது ஆச்சியைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கூட்டிப்போனோம். ஆச்சி, பெரியவர்கள் பேசி முடித்துக் கொடுத்த பெண். பாளையங்கோட்டையில் கல்யாணத்தன்றுதான் தாத்தா முகத்தைப் பார்த்தார், ஒரே மாதத்தில் ரஜுலா கப்பல் ஏறினார். குழிக்குள் நின்றவர் ஒவ்வொரு எலும்பாக மேலே நீட்ட, ஒரு சிவப்பு வாளியில் சேர்ந்துகொண்டிருந்தது. கீழ்த்தாடை வந்தது. அதில் தங்கம் கட்டிய ஒரு பல். ஆச்சி கையை நீட்டி வாங்கினார், முந்தானையால் ஈரமண்ணைத் துடைத்தார். "ஆமா, இவுகதான்" என்றார். கொடுத்தவர்களும் கொண்டவர்களும் அதற்குள் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

மோதிரத்தைப் பற்றி: அதைக் கழற்றச் சொல்ல அந்தச் சகோதரரிடம் வசனம் எதுவும் இல்லை. போட்டுக்கொண்டிருங்கள். என்றைக்காவது உங்களுக்கே கழற்றத் தோன்றினாலும், இன்னொருவரை மணக்கத் தோன்றினாலும், 1 கொரிந்தியர் 7:39 விதவைக்கு அந்த உரிமையைத் தந்திருக்கிறது. அதற்கும் ஜெபக்குழுவின் அனுமதி வேண்டாம்.