கேள்வி-பதில்: இரவுக்கு வேண்டிய பொருளைப் பகலில் பார்த்து வாங்காதீர்கள்

சாலையில் வெளிச்சம் பட்டால் மின்னும் பொருள்களைப் பற்றிச் சென்ற மாதம் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதினேன். அதன்பிறகு கோட், டேப், ஸ்டிக்கர், சாலையில் பதிக்கும் பூனைக்கண் (ரோடு ஸ்டட்) என்று அதே விஷயமாகவே கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. அதனால் இந்த முறை அவை மட்டும்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் எங்கள் குழுவுக்கு 40 ரிஃப்ளெக்டர் கோட் ஆன்லைனில் வாங்கினேன். நத்தம் தாண்டி அதிகாலை இருட்டில் நடந்தபோது, பின்னால் வந்த வேன் டிரைவர் சடன் பிரேக் போட்டு நிறுத்தி, "கிட்ட வந்தப்புறம்தான்யா ஆள் போறதே தெரியுது" என்று கத்தினார். மாதிரிக்கு ஒரு கோட் அனுப்பியிருக்கிறேன். பணம் திரும்பக் கிடைக்குமா?
— வாசகர், தேவகோட்டை

நாற்பது பேரும் நல்லபடியாகத் திரும்பினார்கள் என்பதே முதல் நிம்மதி. உங்கள் மேல் தப்பில்லை. பெட்டி மேல் "ரிஃப்ளெக்டிவ்" என்று போட்டிருந்தால் அது ரிஃப்ளெக்ட் செய்யும் என்று யாரும் நம்பத்தான் செய்வார்கள்.

நீங்கள் அனுப்பிய கோட்டை நேற்று இரவு மொட்டைமாடிக் கொடியில் மாட்டினேன். பக்கத்தில் என்னிடம் இருக்கும் நல்ல கோட் ஒன்றையும் மாட்டினேன். பத்தடி தள்ளி நின்று, செல்போன் டார்ச்சைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தேன். நல்ல கோட்டின் பட்டைகள் டியூப் லைட் போட்டதுபோல வெளேரென்று எழுந்தன. உங்கள் கோட்டின் பட்டை சாம்பல் நிறத்தில் அப்படியே கிடந்தது. நகத்தால் சுரண்டினால் வெள்ளிப் பூச்சு கையோடு வருகிறது. அது மிட்டாய்க் காகிதம் மாதிரி பளபளக்கும் பிளாஸ்டிக், அவ்வளவுதான்.

இந்தக் கோட்டில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. பச்சை கலந்த அந்த மஞ்சள் துணி பகலுக்கு. சூரிய ஒளியில் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமாக மாற்றித் தருவதால்தான் அது பகலிலும், விடியலிலும், பொழுது சாயும் நேரத்திலும் கண்ணைப் பறிக்கிறது. வண்டி ஹெட்லைட்டில் புற ஊதாக் கதிர் மிகக் குறைவு. ஆகவே இரவில் அது வெறும் மஞ்சள் துணி. இரவு வேலை முழுக்கப் பட்டையுடையது. அதில் பொடிப்பொடியான கண்ணாடி மணிகளோ நுண்ணிய பட்டகங்களோ (பிரிசம்) இருக்கும். அவை வந்த வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும், அதாவது டிரைவரின் கண்ணுக்கு. உங்களுக்குப் பகல் பாதியை மட்டும் கொடுத்து, இரவுப் பாதியை ஏமாற்றிவிட்டார்கள்.

பணத்துக்கு வருவோம். சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகள் சொல்கின்றன. அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பொருளின் பக்கத்தை இப்போதே படம் பிடித்து வையுங்கள். நாளைக்கு வாசகத்தை மாற்றிவிடுவார்கள். இரவில் இரண்டு கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுங்கள். அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

அடுத்த தைப்பூசத்துக்கு ஒரு யோசனை. நல்ல பட்டையை ஒரு சாண் அளவுக்கு வெட்டி, எல்லோருடைய கணுக்காலிலும் கட்டிவிடுங்கள். முதுகில் இருக்கும் பட்டை தூரத்தில் ஒரு கம்பமாகவோ பலகையாகவோ தெரியலாம். மேலும் கீழும் போய் வரும் கால்கள் மனிதன் நடக்கிறான் என்பதை டிரைவருக்கு உடனே சொல்லிவிடும்.

அபார்ட்மென்ட்டின் அடித்தள கார் பார்க்கிங்கில் சோலார் ரோடு ஸ்டட் பதிக்கலாமா?
— வாசகர், அண்ணா நகர்

வேண்டாம். வெயில் வராத இடத்தில் அது சார்ஜ் ஆகாது. சாதாரண ரிஃப்ளெக்டர் ஸ்டட் போதும்.

எஃப்.சி.க்காக (வண்டியின் தகுதிச் சான்று) லாரியில் ரிஃப்ளெக்டர் டேப் ஒட்டினேன். நானே ஓட்டும் சொந்த வண்டி. நாலே மாதத்தில் ஓரம் உரிந்து, சிவப்பு வெளிறி ரோஜா நிறமாகிவிட்டது. தெரிந்த கடை என்பதால் பில் வாங்கவில்லை. இப்போது கடைக்காரர் தன்னிடம் வாங்கவே இல்லை என்கிறார். என்ன செய்வது?
— வாசகர், நாமக்கல்

தெரிந்த கடை என்றால் பில் கேட்கக் கூடாதா? இந்தப் பகுதியில் எத்தனை முறை எழுதிவிட்டேன். பில் கேட்பது சந்தேகம் ஆகாது, கடைக்காரரை அவமதிப்பதும் ஆகாது. பில் தராமல் இருப்பதையே 2019 நுகர்வோர் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. ஜிபே, போன்பே எதிலாவது பணம் போட்டிருந்தால் அந்த வரவு செலவை எடுத்து வையுங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் இந்த முறை பணம் போனதுதான்.

ஒன்று உங்களுக்குச் சாதகம். "வண்டி வியாபாரத்துக்கு ஓடுகிறது, நீ நுகர்வோரே இல்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிழைப்புக்காகத் தானே ஓட்டும் ஆளைச் சட்டம் நுகர்வோராகத்தான் பார்க்கிறது.

அடுத்த தடவை டேப் வாங்கும்போது மேல் அட்டையைப் பார்க்காதீர்கள், டேப்பைப் பாருங்கள். முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்ற கணக்கு உங்களுக்கே தெரியும். டேப்பின் மேலேயே, ஒரு வட்டத்துக்குள் இங்கிலீஷ் 'இ' எழுத்தும் ஒரு எண்ணும், பக்கத்தில் 104ஆர் என்ற சர்வதேசத் தர எண்ணும் திரும்பத் திரும்ப வர வேண்டும். அல்லது நம் நாட்டு ஏ.ஐ.எஸ். 090 தரத்துக்குச் சான்று பெற்றதாக இருக்க வேண்டும். முத்திரை டேப்பின் மேல்தோலுக்கு அடியில் இருக்கும். நகத்தால் சுரண்டினால் போகக் கூடாது. அப்புறம், ஒட்டுகிற இடத்தில் டீசல் பிசுக்கோ தூசியோ இருந்தால் எவ்வளவு உயர்ந்த டேப்பும் நிற்காது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேய்க்கச் சொல்லுங்கள். ஆணித்தலை, மடிப்பு வருகிற இடத்தில் டேப்பை வெட்டி விட்டுவிட வேண்டும். அதன்மேல் இழுத்து ஒட்டினால் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும்.

டியூஷன் முடிந்து ராத்திரி எட்டரை மணிக்கு சைக்கிளில் வரும் என் பெண்ணுக்காக ரேடியம் ஸ்டிக்கர் வாங்கி ஒட்டினேன். படுக்கையறையில் விளக்கை அணைத்தால் பச்சையாக ஜொலிக்கிறது. ரோட்டில் பைக் வெளிச்சம் பட்டால் ஒன்றுமே தெரியவில்லை. டூப்ளிகேட்டா?
— வாசகி, ஈரோடு

டூப்ளிகேட் இல்லை அம்மா. அது வேறு பொருள். உங்களுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். அதற்கு வழி செய்து கொடுத்தது 'ரேடியம்' என்ற அந்தச் சொல்தான். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். பல வருடமாக என் மனத்தில் இருக்கும் ஆற்றாமை இது.

ரேடியத்தை க்யூரி தம்பதி கண்டுபிடித்தது 1898இல். அடுத்து வந்த வருடங்களில் அதைச் சாயத்தில் கலந்து கைக்கடிகார முள்ளுக்கும் எண்ணுக்கும் பூசினார்கள். இருட்டில் தானாக ஒளிரும். அமெரிக்கத் தொழிற்சாலைகளில் தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கிப் பூசிய இளம்பெண்கள் தாடை எலும்பு அரித்துச் செத்தார்கள். அந்தச் சாயம் எப்போதோ ஒழிந்துவிட்டது. இன்று எந்த ஸ்டிக்கரிலும் ரேடியம் கிடையாது. ஆனால் பெயர் மட்டும் நம் ஊரில் ஒட்டிக்கொண்டது. ஊருக்கு ஊர் ரேடியம் கடை, ரேடியம் கட்டிங், ரேடியம் டேப்.

இந்த ஒரு பெயரில் மூன்று சரக்கு விற்கிறார்கள். முதலாவது, உங்கள் கையில் இருப்பது. வெளிச்சத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு இருட்டில் மெல்ல விடும். சுவிட்ச் போர்டுக்கும் மாடிப்படிக்கும் அது சரி. ரோட்டில் ஹெட்லைட்டுக்கு முன்னால் அந்த ஒளி எடுபடாது. இரண்டாவது, பகலில் கண்ணைக் கூச வைக்கும் ஃப்ளோரசன்ட் நிறம், இரவில் சும்மா. மூன்றாவதுதான் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ரிஃப்ளெக்டிவ். இருட்டு அறையில் வைத்துப் பார்த்தால் அது செத்த மாதிரி கிடக்கும். ஹெட்லைட் பட்டால் உயிர் வரும். உயிர் காப்பது அதுதான். "ரேடியம் கொடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் மூன்றில் எதை எடுத்துக் கொடுத்தாலும் கேட்டதைக் கொடுத்ததாகத்தான் ஆகும். கடைக்காரர்களும் இதைத் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

என் அப்பாவின் சைக்கிள் மட்கார்டில் நானே இப்படி ஒரு மஞ்சள் பட்டையை ஒட்டினேன். கடையில் பகல் பன்னிரண்டு மணிக்குப் பார்த்து வாங்கியது. ஒரு மாதம் கழித்து, ஒருநாள் இரவு அவருக்குப் பின்னாலேயே பைக்கில் வந்தேன். என் கண்ணுக்குத் தெரிந்தது அவருடைய வெள்ளை வேட்டி மட்டும்தான். பட்டை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அந்த ஒரு மாதமும் அவர் அந்தப் பட்டையை நம்பி ரோட்டில் போயிருக்கிறார் என்று நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

ஆகவே, "ரேடியம்" என்று கேட்காதீர்கள். "ஹெட்லைட் பட்டால் திருப்பி அடிக்கிற ரிஃப்ளெக்டிவ் டேப்" என்று கேளுங்கள். காசு கொடுப்பதற்கு முன்னால் கடையின் இருட்டு மூலையில் வைத்து, டார்ச்சைக் கண்ணோரம் பிடித்துப் பாருங்கள். பளிச்சென்று தெரிய வேண்டும். பிறகு டார்ச் பிடித்த கையை மட்டும் பக்கவாட்டில் முழுசாக நீட்டுங்கள். நல்ல டேப் சட்டென்று மங்கும், ஏனென்றால் வெளிச்சம் இப்போது உங்கள் கையை நோக்கித் திரும்பிப் போகிறது, கண்ணுக்கு வரவில்லை. கை எங்கே இருந்தாலும் ஒரே மாதிரி தெரிந்தால் அது வெறும் நிறம். டேப்பைக் கொஞ்சம் சாய்த்தும் பாருங்கள். நேராகப் பிடித்தால் மட்டும் கண்ணாடி மாதிரி மின்னி, சாய்த்ததும் அணைந்துபோனால் வாங்காதீர்கள்.

பெண்ணின் சைக்கிளுக்குப் பின்னால் சிவப்பு, முன்னால் வெள்ளை. பெடலின் இரண்டு ஓரத்திலும் மஞ்சள் ரிஃப்ளெக்டர் வையுங்கள். சுழலும்போது அதுதான் முதலில் கண்ணில் படும்.

இந்த டேப்புக்கு "ஆயுள் முழுக்க உத்தரவாதம்" என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?
— வாசகர், மதுரை

நம்ப வேண்டாம். எத்தனை வருடம் என்று எண்ணால் எழுதி, கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

எங்கள் தெரு வளைவில் அடிக்கடி பைக் விழுகிறது. குடியிருப்போர் சங்கத்தில் பணம் வசூலித்து, சோலார் பூனைக்கண் வாங்கி நாங்களே பதிக்கலாம் என்று இருக்கிறோம். எந்த வகை நல்லது?
— வாசகர், தாம்பரம்

வாங்குவதற்கு முன்னால் நிறுத்துங்கள். பொதுச் சாலையில் அனுமதி இல்லாமல் எதையும் பதிக்கக் கூடாது. துருத்திக்கொண்டு நிற்கிற ஸ்டட் தப்பான இடத்தில் இருந்தால் அதுவே பைக்கைத் தள்ளும். விபத்து நடந்தால் பதித்தவர்கள் மேல்தான் பழி வரும். சங்கத்தின் பெயரில் மாநகராட்சிக்கு மனு கொடுங்கள், வளைவின் படத்தோடு. வசூலித்த பணத்தை அதற்காக அலைகிற செலவுக்கு வையுங்கள்.

ஆனாலும் உங்கள் யோசனை சரியான யோசனை. மழை இரவில் சாலைக் கோடு காணாமல் போவதைப் பார்த்திருப்பீர்கள். பெயின்ட்டில் தூவிய கண்ணாடி மணிகளைத் தண்ணீர்ப் படலம் மூடிவிடுவதுதான் காரணம். ஸ்டட் தண்ணீருக்கு மேலே தலை நீட்டி நிற்பதால் தெரிகிறது. இங்கிலாந்தில் பெர்சி ஷா என்பவர் 1934இல் பூனைக்கண்ணுக்குக் காப்புரிமை எடுத்தார். ரப்பருக்குள் கண்ணாடிக் குமிழ். வண்டிச் சக்கரம் ஏறினால் ரப்பர் அமுங்கி, அடியில் தேங்கிய மழைநீரைக் கொண்டு கண்ணாடியைத் தானே துடைத்துக்கொள்ளும். இரண்டாம் உலகப் போரில் தெருவிளக்கை அணைத்து வைத்திருந்த காலத்தில் அதன் அருமை தெரிந்தது. பேட்டரி இல்லை, கெட்டுப்போக அதிகம் எதுவும் இல்லை.

சோலார் வகையை உங்கள் வளாகத்துக்குள் போடுவதானால் என் அனுபவத்தைக் கேளுங்கள். செங்கல்பட்டுப் பக்கம் எங்கள் மனையின் வாசலில் நான்கு பதித்தேன். பெட்டியில் "வாட்டர்ப்ரூஃப்" என்று பெரிதாக இருந்தது. ஐப்பசி அடைமழை முடிந்தபோது இரண்டில் கண்ணாடிக்கு உள்பக்கம் வேர்த்திருந்தது. திறந்து பார்த்தேன். பேட்டரி முனையில் பச்சைப் பாசி மாதிரி களிம்பு. பில்லைத் தொலைத்திருந்தேன். பணம் போனது. "வாட்டர்ப்ரூஃப்" என்ற சொல்லுக்கு ஒரு மதிப்பும் இல்லை. தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கான தர எண், ஐ.பி.68 என்று இருக்க வேண்டும். பேட்டரி தீர்ந்தாலும் ஹெட்லைட்டில் தெரியும்படி பக்கத்தில் ரிஃப்ளெக்டரும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் வாங்காதீர்கள்.

மாட்டுக் கொம்பில் ஒட்டிய டேப் நிற்கவில்லை. வேறு வழி?
— வாசகர், ஸ்ரீவைகுண்டம்

கொம்பு வழுவழுப்பாகவும் இருக்காது, ஒரே அளவாகவும் இருக்காது. பட்டை தைத்த கழுத்துப் பட்டி வாங்குங்கள். அதற்கு முன்னால், ராத்திரியில் மாட்டைக் கட்டி வையுங்கள். ரோட்டில் விட்டுவிட்டுப் பட்டி கட்டுவது சரியில்லை.

என் அம்மா தூய்மைப் பணியாளர். விடியற்காலை நாலரைக்கு மெயின் ரோட்டில் பெருக்கத் தொடங்குவார். கொடுத்த கோட்டில் பட்டை வெளுத்துவிட்டது. புதுசு கேட்டால் "துவைத்துக் கெடுத்துட்டே" என்கிறார் மேஸ்திரி. நானே ஒன்று வாங்கித் தரலாமா?
— வாசகர், கோவை

உங்கள் அம்மா எதையும் கெடுக்கவில்லை. குப்பை அள்ளுகிற கோட்டைத் துவைக்காமல் எப்படிப் போடுவது? துவைக்கத் துவைக்கக் கண்ணாடி மணிகள் உதிரத்தான் செய்யும். அதனால்தான் தரமான கோட்டின் உள்பக்க லேபிளில் எத்தனை முறை துவைக்கலாம் என்று எண் போட்டிருக்கும். அந்த லேபிளைப் படம் எடுத்து, வெளுத்த பட்டையை ஃபிளாஷ் போட்டு இன்னொரு படம் எடுத்து, மேஸ்திரிக்கு அல்ல, சுகாதார அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள். மனுவின் நகலில் முத்திரை வாங்குங்கள். கோட் கொடுக்க வேண்டியது வேலை கொடுத்தவர்.

அது வருகிறவரை அம்மா இருட்டில் நிற்க முடியாது, வாங்கித் தாருங்கள். இந்த வகைக் கோட்டுக்கான சர்வதேசத் தரம், ஐ.எஸ்.ஓ. 20471 என்ற எண் லேபிளில் இருக்கட்டும். பட்டை இரண்டு அங்குல அகலத்துக்குக் குறையாமல், இடுப்பைச் சுற்றியும் தோளின் மேலும் வர வேண்டும். குனிந்து பெருக்கும்போது முதுகுப் பட்டை வானத்தைப் பார்க்கும். பின்னால் வரும் வண்டிக்குக் காலும் இடுப்பும்தான் தெரியும். எனவே கணுக்காலுக்கும் ஒரு பட்டை. பிரஷ் போடாமல், ப்ளீச்சிங் இல்லாமல், உள்பக்கத்தை வெளியே திருப்பிக் கையால் அலசி, நிழலில் உலர்த்தச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பில்லை லேபிளோடு சேர்த்துப் பின் குத்தி வையுங்கள்.