நாட்டியாஞ்சலிக்கு எந்தக் கேமரா?

கேள்வி: என் மகள் சிறு வயதிலிருந்து பரதம் கற்கிறாள். வரும் சிவராத்திரிக்குச் சிதம்பரம் நாட்டியாஞ்சலியில் அவள் குழுவுக்கு ஆட வாய்ப்பு கிடைத்திருக்கிறது. செல்போனில் எடுக்கும் படங்களில் கை, கால் எல்லாம் கலங்கி, முகம் வெளுத்துப் போய்விடுகிறது. கணவர் கேனான் 1500டி என்ற டிஎஸ்எல்ஆர் வாங்கலாம் என்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி, தான் வைத்திருக்கும் ஜி7 எக்ஸ் மார்க் 2 என்ற சின்னக் கேமராவைத் தந்துவிடுகிறேன், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம் என்கிறான். பெரிய கேமராவில்தானே படம் நன்றாக வரும்? கையடக்கக் கேமரா மேடைக்குத் தாங்குமா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: முதலில் மகளுக்கு என் வாழ்த்துகள். 1981-ல் தொடங்கி நடந்துவரும் விழா அது. அங்கே ஆடுவது ஒரு நாட்டியப் பெண்ணுக்கு வாழ்நாள் நினைவு. அதற்கு நல்ல படம் வேண்டும் என்று நீங்கள் இப்போதே யோசிப்பது சரிதான்.

உங்கள் கேள்விக்குச் சுருக்கமான பதில்: கணவர் 1500டியைக் கடையில் கூடவே தரும் 18-55 லென்ஸோடு வாங்கி அதோடு நிறுத்திக்கொள்வார் என்றால், வேண்டாம். தம்பி தருவதை வாங்கிக்கொள்ளுங்கள். 1500டியோடு 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸும் வரும் என்றால் யோசிக்கவே வேண்டாம், அதுதான் உங்களுக்கான கேமரா.

ஏன் என்று சொல்கிறேன். பெரிய கேமராவில் படம் நன்றாக வரும் என்பதற்குக் காரணம் உள்ளே இருக்கும் சென்சார், அதாவது வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் தகடு. 1500டியில் அது 22.3 மி.மீ. அகலம், 14.9 மி.மீ. உயரம். தம்பியின் கேமராவில் 13.2-க்கு 8.8. பரப்பளவில் பார்த்தால் கணவர் சொல்வது கிட்டத்தட்ட மூன்று மடங்கு பெரியது. இந்தக் கணக்கு மட்டும் என்றால் அவர் சொல்வதே சரி.

ஆனால் வெளிச்சம் சென்சாருக்கு வந்து சேர வேண்டுமே. வீட்டு முற்றம் எவ்வளவு விசாலமாக இருந்தாலும் மேலே திறப்பு சின்னதாக இருந்தால் வெயில் இறங்காது. லென்ஸின் அப்பர்ச்சர்தான் அந்தத் திறப்பு. அதை 'எஃப்' எண்ணால் சொல்வார்கள், எண் குறையக் குறையத் திறப்பு பெரிது. 18-55 கிட் லென்ஸை 55 வரை ஜூம் செய்தால் அது எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. ஜி7 எக்ஸ் மார்க் 2-ன் லென்ஸ் முழு ஜூமிலும் எஃப் 2.8 வரை திறக்கும். 5.6-க்கும் 2.8-க்கும் நடுவே வெளிச்சத்தில் நான்கு மடங்கு வித்தியாசம். சென்சாரில் மூன்று மடங்கு ஜெயித்து, லென்ஸில் நான்கு மடங்கு தோற்றால் மிச்சம் என்ன? இரவு மேடையில் கிட் லென்ஸ் போட்ட டிஎஸ்எல்ஆரைவிடத் தம்பியின் கேமரா ஒரு படி மேலே நிற்கும். தோளில் பெரிய கேமரா தொங்குவதால் மட்டும் படம் மாறாது.

இப்போது அதே 1500டியில் 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸை மாட்டுங்கள். கிட் லென்ஸின் 5.6-ஐவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். கணக்கு மொத்தமும் தலைகீழாகிவிடும். நாட்டியத்தில் சாதாரண அடவுக்கே ஷட்டர் வேகம் விநாடியில் 250-ல் ஒரு பங்காவது வேண்டும். குதிக்கும் அடவுக்கு 500. மேடை விளக்கில் எஃப் 2 திறப்பில் ஐஎஸ்ஓவை, அதாவது சென்சாரின் ஒளி உணர்திறனை, 1600-ல் வைத்தால் அந்த வேகம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே இடத்தில் கிட் லென்ஸுக்கு ஐஎஸ்ஓ 12800 தேவைப்படும். 1500டியின் வழக்கமான எல்லையே 6400. அதற்கு மேல் போக மெனுவில் தனியாக அனுமதிக்க வேண்டும், படமும் பொரிபொரியாக இருக்கும்.

கடைக்காரர்கள் இன்னொன்று சொல்வார்கள்: "டபுள் லென்ஸ் கிட் எடுத்துக்கோங்க, 55-250-ம் சேர்ந்து வருது, தூரத்துல இருந்தே எடுக்கலாம்." பகலில் பள்ளி விளையாட்டு விழாவுக்கு அது அருமையான லென்ஸ். இரவு மேடைக்கு அதே எஃப் 5.6 சிக்கல்தான். அந்தப் பணத்தை 50-க்குப் போடுங்கள். 160 கிராம் எடை, உள்ளங்கையில் அடங்கும், கேனான் லென்ஸ்களிலேயே விலை குறைந்தவற்றில் ஒன்று.

ஜூம் இல்லையே என்று தயங்காதீர்கள். 50 எம்எம் லென்ஸ் இருக்க, கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து இருபது அடி தூரத்தில் நின்றால் ஏறக்குறைய ஒன்பது அடி உயரம் படத்தில் அடங்கும். கையைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கும் பெண்ணுக்கு அது கச்சிதம், சலங்கையும் வெட்டுப்படாது. நாற்பது அடி பின்னால் தள்ளிவிட்டார்கள் என்றால் உருவம் சிறிதாகும். அப்போதும் 24 மெகாபிக்சலில் பாதியை வெட்டி எடுத்தால் ஆல்பத்துக்குப் போதும். முன்வரிசை ஓரத்தில் உட்கார இடம் கிடைக்குமா என்று விழாக் குழுவினரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். லென்ஸைவிட அந்த இடம்தான் முக்கியம் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன்.

படம் கலங்குவதும் முகம் வெளுப்பதும் செல்போனின் குறை மட்டும் இல்லை, எந்தக் கேமராவிலும் நடக்கும். மேடைக்குப் பின்னால் இருட்டு. கேமரா மொத்தக் காட்சியையும் அளந்து, "ஐயோ, இருட்டாக இருக்கிறதே" என்று வெளிச்சத்தை ஏற்றிவிடும். விளக்கு நேராக விழும் முகம் அதனால்தான் வெளுக்கிறது. டிஎஸ்எல்ஆரிலும் சரி, தம்பியின் கேமராவிலும் சரி, எக்ஸ்போஷர் காம்பென்சேஷன் என்று, படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி ஒன்று இருக்கும். அதை மைனஸ் 1-ல் வையுங்கள். ஷட்டர் முன்னுரிமையில், அதாவது 'டிவி' என்று டயலில் போட்டிருக்கும் இடத்தில், 250 வைத்து, ஐஎஸ்ஓவைத் தானியங்கியாக விட்டுவிடுங்கள். 1500டியில் ஒன்பது ஃபோகஸ் புள்ளிகள் உண்டு. இருட்டில் நடுப்புள்ளிதான் நம்பகமானது. அதை மட்டும் தேர்ந்தெடுத்து முகத்தில் வையுங்கள். ரா (RAW) என்ற திருத்தப்படாத கோப்பாக எடுத்தால் நிறத்தைப் பிறகு திருத்தலாம். எல்ஈடி விளக்குகளில் பச்சைப் புடவை நீலமாகத் தெரியும் தொல்லைக்கு அது ஒன்றுதான் மருந்து. பிளாஷ் மட்டும் வேண்டவே வேண்டாம். ஆடுபவர் கண்ணில் அடித்தால் தாளம் தவறும், விளக்கமைப்பாளர் பாடுபட்டு உண்டாக்கிய நிழலும் போய்விடும்.

அப்புறம், வேறு எந்தப் புகைப்படக்காரருக்கும் கிடைக்காத ஒரு வசதி உங்களுக்கு இருக்கிறது. அந்த உருப்படியை நீங்கள் வீட்டில் தினம் கேட்டிருப்பீர்கள். கோர்வை என்ற தாளக் கோவை மூன்று முறை வந்து சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் தட்டில், முடியும் இடம் உங்களுக்குத் தெரியும். அந்த ஒரு கணம் அவள் அசையாமல் நிற்பாள், கண் நேராக இருக்கும், கை விரல் முடிய முத்திரை நிறைந்திருக்கும். கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கத்து சபாக்களில் நிறைய எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நட்டுவாங்கத்தைக் காதில் வாங்கிக்கொண்டு எடுப்பவருக்கு விழும் படம், ஒரே மூச்சில் ஐம்பது படம் தட்டித் தள்ளுபவருக்கு விழாது. மூன்றாவது சுற்று தொடங்கும்போதே ஷட்டரைப் பாதி அழுத்தி ஃபோகஸைப் பூட்டிவிடுங்கள், சமத்தில் மீதியை அழுத்துங்கள். டிஎஸ்எல்ஆரின் வ்யூஃபைண்டரில் நீங்கள் பார்ப்பது கண்ணாடி வழியாக வரும் நேரடிக் காட்சி, அதில் தாமதமே கிடையாது. சின்னக் கேமராவில் திரை கொஞ்சம் பின்தங்கும். ஆனால் பாதி அழுத்திக் காத்திருந்தால் அதிலும் பிடித்துவிடலாம்.

தம்பியின் கேமராவுக்கு ஒரு நன்மை சொல்லாமல் விடக்கூடாது. டிஎஸ்எல்ஆரில் ஒவ்வொரு படத்துக்கும் உள்ளே கண்ணாடி எழும்பி 'க்ளக்' என்று சத்தம் வரும். ஜதி நடக்கும்போது யாருக்கும் கேட்காது. பதம் என்ற அபிநய உருப்படியில் பாடகர் குரலைத் தாழ்த்தி, பெண் அபிநயத்தில் நிற்கும்போது அந்தச் சத்தம் பக்கத்தில் இருப்பவர்களை எரிச்சல்படுத்தும். அந்த இடத்தில் நான் கேமராவை மடியில் வைத்துவிடுவேன். சின்னக் கேமராவில் சத்தம் மிகக் குறைவு, அபிநயத்தையும் எடுக்கலாம். திரை வெளிச்சத்தை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இருப்பவர் கண்ணில் அடிக்கும்.

கேனானும் நிக்கானும் 2020-க்குப் பிறகு புது டிஎஸ்எல்ஆர் விடவில்லையே, பழைய சரக்கை வாங்குவதா என்று யாராவது சொல்வார்கள். உங்கள் தேவைக்கு அது நல்லதுதான். செகண்ட் ஹேண்டில் பாடியை, அதாவது லென்ஸ் இல்லாத கேமராவை, மட்டும் மலிவாக வாங்கி, 50 லென்ஸைப் புதிதாக வாங்குங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதைத்தான் செய்வேன். 1987-லிருந்து வந்த கேனான் இஎஃப் லென்ஸ் எதுவும் அதில் பொருந்தும். ஆட்டோஃபோகஸ் மோட்டார் லென்ஸிலேயே இருப்பதால் பழையதும் வேலை செய்யும். பின்னால் வீட்டு விசேஷங்களுக்கு பிளாஷ் வாங்க நினைத்தால் ஒன்று: 1500டியில் பிளாஷ் செருகும் இடத்தில் நடு முள் இருக்காது. அந்த முள்ளை நம்பி எரியும் விலை குறைந்த மேனுவல் பிளாஷ்கள் அதில் எரியாது. கடையிலேயே மாட்டி எரியவைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எதை எடுத்தாலும் விழா அன்றுதான் முதல்முறை தொடுவேன் என்று இருந்துவிடாதீர்கள். நாட்டிய வகுப்பில் டீச்சரிடம் கேட்டு, சாயங்கால ஒத்திகையில் ஒரு மணி நேரம் எடுத்துப் பழகுங்கள்.

கேள்வி: ஒருவர் நிக்கான் டி3400-ஐ 18-55 லென்ஸோடும், கூடவே பழைய 50 எம்எம் எஃப் 1.8டி லென்ஸோடும் விற்கிறார். கல்லூரியில் நண்பர்களைப் போர்ட்ரெய்ட் எடுக்க ஆசை. வாங்கலாமா?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: கேமரா நல்லது. அந்த 50 லென்ஸில்தான் கவனம் வேண்டும் தம்பி. பெயரில் கடைசியில் 'டி' இருக்கும் இந்த லென்ஸுக்குள் ஆட்டோஃபோகஸ் மோட்டார் கிடையாது, பாடியில் இருக்கும் மோட்டார்தான் அதைத் திருப்ப வேண்டும். டி3400-ல் அந்த மோட்டார் இல்லை. ஃபோகஸை நீங்கள்தான் கையால் திருப்ப வேண்டும். லென்ஸ் கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை. உட்கார்ந்திருக்கும் நண்பரை எடுக்க அது போதும், வ்யூஃபைண்டரில் பச்சைப் புள்ளி எரிந்தால் ஃபோகஸ் சரி. ஆனால் அதற்குத் தனி விலை கேட்டால் கொடுக்காதீர்கள். 'ஏஎஃப்-எஸ்' என்று எழுதிய 35 அல்லது 50 எஃப் 1.8 கிடைத்தால் அதற்குப் பணம் கொடுக்கலாம்.

கடல் காற்று வீசும் ஊர் உங்களுடையது. லென்ஸுக்குள் ஃபங்கஸ் இருக்கிறதா என்று டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எஃப் 16 வைத்து வானத்தை ஒரு படம் எடுங்கள், சென்சாரில் தூசி இருந்தால் கரும்புள்ளியாகத் தெரியும். தூசியைத் துடைத்துவிடலாம், அதற்காக வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. எத்தனை முறை ஷட்டர் அடித்திருக்கிறது என்பதை நிக்கான் ஒவ்வொரு படத்தின் தகவலிலும் எழுதி வைக்கும். ஒரு படம் எடுத்து வந்து கணினியில் பார்த்துவிடலாம். வாங்கிய பிறகு காற்று புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். தோல் பையிலேயே மாதக்கணக்கில் மூடி வைக்காதீர்கள்.

கேள்வி: மனைவியோடு காசி, கயா போகிறேன். மகன் விட்டுப்போன நிக்கான் டி3500, கிட் லென்ஸோடு வீட்டில் இருக்கிறது. அது கனம் என்று பத்தாயிரத்துக்குள் சின்னதாக ஒன்று வாங்க நினைக்கிறேன். சரியா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை

பதில்: வாங்க வேண்டாம் ஐயா. அந்த விலையில் வரும் சின்னக் கேமராக்களின் சென்சார் சுமார் 6 மி.மீ.க்கு 4.6 மி.மீ.தான். இன்றைய நல்ல கைபேசிகள் பலவற்றில் அதைவிடப் பெரியது இருக்கிறது. ஜூமைத் தவிர உங்களுக்குப் புதிதாக எதுவும் கிடைக்காது.

டி3500 அவ்வளவு கனம் இல்லை. பேட்டரி, கார்டோடு 415 கிராம், கிட் லென்ஸைச் சேர்த்தாலும் ஏறக்குறைய அறுநூற்றுச் சொச்சம். ஒரு முறை சார்ஜ் செய்தால் 1550 படம் என்பது கம்பெனி கணக்கு, யாத்திரை முழுவதும் சார்ஜர் தேடி அலைய வேண்டாம். மேலே அந்த அம்மாவுக்குக் கிட் லென்ஸ் வேண்டாம் என்றேன். உங்களுக்கு அதே லென்ஸ் தாராளமாகப் போதும், ஏனென்றால் நீங்கள் எடுக்கப்போவது பகல் வெளிச்சத்தில். கழுத்தில் தொங்கவிடாமல் குறுக்காக மாட்டிக்கொள்ளும் பெல்ட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், தோள் வலிக்காது.

விஸ்வநாதர் கோயிலுக்குள் கேமரா, செல்போன் எதுவும் கொண்டுபோக முடியாது, அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். மணிகர்ணிகா கட்டத்தில் சிதைகளைப் படம் எடுக்காதீர்கள், அந்தக் குடும்பங்களுக்கு நாம் செய்யும் மரியாதை அது. விடியற்காலையில் படகில் போகும்போது லென்ஸை 18-லேயே வைத்து, ஷட்டர் 250-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். லென்ஸில் இருக்கும் விஆர் என்ற நடுக்கம் குறைக்கும் வசதி உங்கள் கை நடுக்கத்தை மட்டும்தான் தாங்கும், படகின் ஆட்டத்தைத் தாங்காது. சூரியன் அக்கரையில், கிழக்கே உதிக்கும். முதல் அரை மணி நேரத்துக்குக் கேமராவைச் சூரியன் பக்கமே வைத்திருக்காமல் திரும்பிப் படித்துறைகளைப் பாருங்கள், வெளிச்சம் நேராக அங்கேதான் விழும். மனைவியை அந்தப் பின்னணியில் உட்கார வைத்து எடுங்கள்.