அம்மாவோட அண்டாவும் உங்க சார்ஜர் டப்பாவும்

வணக்கம் அக்கா,

ரொம்ப நாளா உங்களைப் படிக்கிறேன், எழுதுறது இதான் முதல் தடவை. பேர் மட்டும் போடாதீங்க ப்ளீஸ், அம்மாவும் படிப்பாங்க. சென்னையில ஐடி வேலை, பள்ளிக்கரணை பக்கம் ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட், நான், மனைவி, ஸ்கூல் போற பொண்ணு. போன வருஷம் அப்பா தவறினதுக்கு அப்புறம் கும்பகோணம் வீட்டைக் காலி பண்ணிட்டு அம்மாவை இங்கயே கூட்டிட்டு வந்துட்டோம், கூடவே பீரோ, ரெண்டு டிரங்க் பெட்டி, அண்டா, குடம், தவலை, அடுக்குன்னு ஒரு மினி லாரி நிறைய வந்து இறங்குச்சு. இப்ப லாஃப்ட் ஃபுல், பால்கனி ஃபுல், கட்டிலுக்கு அடியிலயும் கால் நீட்ட முடியல.

நான் கொஞ்ச நாளா மினிமலிசம் வீடியோவா பாத்துட்டு இருக்கேன். சட்டையைக் குறைச்சேன், புக்ஸ்ல பாதியைக் குடுத்துட்டேன், ஹால் சோபாவைத் தூக்கிட்டேன், நிஜமாவே மனசு லேசாச்சு. ஆனா அம்மா பாத்திரத்துல கை வச்சா வீடு ரணகளம். 1983 கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர், ஒவ்வொண்ணுலயும் குடுத்தவங்க பேர் வெட்டியிருக்கு, அதுல பாதிப் பேர் இப்ப உயிரோடவே இல்ல. எதுக்கும்மா இதெல்லாம்னு கேட்டா "உன் சார்ஜர் டப்பா மட்டும் எதுக்குடா"ங்கறாங்க. (பழைய சார்ஜர், கேபிள், போன் வந்த அட்டைப்பெட்டி எல்லாம் ஒரு டப்பால வச்சிருக்கேன், அது எப்பவாவது தேவைப்படும்.) மனைவி ரெண்டு பக்கமும் பேச மாட்டேங்கறா.

பொருள் குறைஞ்சா சந்தோஷம் கூடும்ங்கறது நிஜமா, இல்ல இதுவும் ஒரு ஃபேஷனா? அம்மாவுக்கு இதை எப்படிப் புரிய வைக்கிறது?

---

அன்புள்ள தம்பி,

இந்த மாதிரி கேள்வி வந்தா உடனே காதற்ற ஊசியை எடுத்து நீட்டுறது நம்ம ஊர் வழக்கம். நான் எடுக்கல. கதைப்படி பட்டினத்தார் காவிரிப்பூம்பட்டினத்துல பெரிய வணிகர், கப்பல்ல சரக்கு போய் வந்த வீடு, துறக்குறதுக்கு அவர்கிட்ட நிறைய இருந்துச்சு. உங்க அம்மா கணக்கு வேற, அதுக்கு அப்புறம் வரேன்.

பொருள் குறைஞ்சா நல்லா இருக்குங்கறது நிஜம்தான். ஆனா அந்த சோபா போன அன்னைக்கு வந்த குஷி இருக்கே, அது புது சோபா வந்த அன்னைக்கு வந்த குஷி மாதிரியே கொஞ்ச நாள்ல கரைஞ்சு போயிடும், காலி ஹாலும் கண்ணுக்குப் பழகிடும். பழகினப்புறமும் மிச்சம் நிக்குறது என்னன்னா வேலை குறைஞ்சது. ஒரு பொருள் வீட்டுக்குள்ள வந்துட்டா அதுக்கு சும்மா இருக்கத் தெரியாது. தூசி தட்டணும், பித்தளைன்னா புளி போட்டு தேய்க்கணும், அதுல சமைக்கணும்னா உள்ள ஈயம் பூசணும், ஈயம் பூசுறவரை பள்ளிக்கரணைல எங்க போய்த் தேடுவீங்க, மிக்ஸின்னா சர்வீஸ், ஏசின்னா கேஸ், வீடு மாத்தினா அத்தனையையும் பேப்பர் சுத்திக் கட்டணும், இதெல்லாம் போக எதை எங்க வச்சோம்னு தேடுற நேரம் தனி. இதுல பாதி போனா சாயங்காலம் ஒரு அரை மணி நேரம் கையில வருதுல்ல, அதான் விஷயம். ஞானம் எல்லாம் ஒண்ணும் இல்ல.

அந்த வேலையை யார் செய்றாங்கங்கறதுதான் உங்க கடிதத்துல இல்லாத விஷயம். 2010ல ஒரு ஆய்வு வெளிவந்துச்சு, லாஸ் ஏஞ்சலஸ்ல ரெண்டு பேரும் வேலைக்குப் போற ஜோடிகளை வச்சு டார்பி சாக்ஸ்பி, ரெனா ரெப்பெட்டின்னு ரெண்டு பேர் செஞ்சது. உங்க வீட்டை நீங்களே சுத்திக் காட்டி வீடியோ எடுங்கன்னு சொல்லிட்டு, அவங்க பேசினதுல எந்த மாதிரி வார்த்தை எத்தனை தடவை வருதுன்னு எண்ணினாங்க. வீடு ஒரே அடைசல், அந்த வேலை பாக்கி, இந்த வேலை பாக்கின்னு அதிகமா பேசின பொம்பளைங்களுக்கு, காலையில ஏறி ராத்திரிக்குள்ள நல்லா இறங்க வேண்டிய கார்டிசால்ங்கற ஸ்ட்ரெஸ் ஹார்மோன் சரியா இறங்கல, பொழுது போகப் போக மனசும் சோர்ந்துச்சு. ஆம்பளைங்ககிட்ட அந்தத் தொடர்பு அவ்வளவா தெரியல. அடைசலாலதான் இப்படி ஆச்சுன்னு இதை வச்சு அடிச்சுச் சொல்லிட முடியாது, ஆனா அதே ஹால், அதே குப்பை, அது ஒருத்தர் உடம்புக்குத் தெரியுது இன்னொருத்தர் உடம்புக்குத் தெரியலன்னா காரணத்தை லேப்ல போய்த் தேட வேண்டாம், கையில துடைப்பம் யாருதுன்னு பாத்தா போதும்.

அடுத்தது, எண்ணிக்கை மட்டும்தான் விஷயம்னா 2015 டிசம்பர்ல முடிச்சூர், வரதராஜபுரம், வேளச்சேரில கிரவுண்ட் ஃப்ளோர்ல இருந்தவங்க எல்லாம் ஒரே ராத்திரில ஞானி ஆகியிருக்கணும். எங்க சித்தி வீடு முடிச்சூர்ல, கழுத்தளவு தண்ணி. வீடு காலியாச்சு, யாருக்கும் மனசு லேசாகல. டிவி, கட்டில், ஃப்ரிட்ஜுக்கு அவங்க அழுததை நான் பாக்கல, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்ட கல்யாண ஆல்பத்தை வெயில்ல வச்சுப் பிரிக்கப் பாத்து, மூஞ்சி எல்லாம் பேப்பரோட உரிஞ்சு வந்தப்பதான் உக்காந்து அழுதாங்க. மார்க் ஷீட், பத்திரத்துக்கெல்லாம் அரசாங்கமே கேம்ப் போட்டு நகல் குடுத்துச்சு, ஆல்பத்துக்கு யாரு குடுப்பா. இப்ப அந்த வீட்டுல ஜிப் வச்ச ப்ளாஸ்டிக் பவுச் ஒண்ணு லாஃப்ட்ல உச்சில இருக்கு, மத்ததெல்லாம் எங்க கிடந்தாலும் கவலையில்ல. அதனால எதை விடலாம்னு நாமளே முடிவு பண்றதுலதான் பாதி நிம்மதி இருக்கு. நீங்க உங்க புக்கைக் குடுத்தீங்க, லேசா இருந்துச்சு. அம்மா அண்டாவையும் நீங்களே குடுத்தீங்கன்னா அவங்களுக்கு அதுவும் ஒரு வெள்ளம்தான்.

இப்ப அந்தக் கணக்கு. உங்களுக்கு ஒரு குக்கர் போனா போன்ல ஆர்டர் போட்டா நாளைக்கு வாசல்ல இருக்கும், அந்தத் தைரியத்துலதான் நம்ம தலைமுறை தூக்கிப் போடுது. உங்க அம்மா குடும்பம் நடத்தின காலத்துல பாத்திரம்ங்கறது சேமிப்பு. கைமுடை வந்தா நகை அடகுக்கடைக்குப் போகும், நகையும் போதலன்னா பித்தளைக் குடம் போகும், குடத்துக்கும் பணம் குடுத்தாங்க. அண்டா ஒரு வீட்டுல இருந்தா தெருவுக்கே இருந்த மாதிரி, காதுகுத்துன்னா வந்து தூக்கிட்டுப் போவாங்க, திரும்பி வரும்போது மாறிப் போயிடக் கூடாதுன்னுதான் புள்ளி புள்ளியா உளி வச்சு பேர் வெட்டுனது. கல்யாணப் பாத்திரத்துல வெட்டுன பேர்னா அது மொய் நோட்டு மாதிரி, நமக்கு யார் என்ன செஞ்சாங்க, அவங்க வீட்டு விசேஷத்துக்கு நாம என்ன செய்யணும்னு எவர்சில்வர்லயே எழுதி வச்சது. பாதிப் பேர் உயிரோட இல்லன்னு நீங்க எழுதியிருக்கீங்க, அம்மா விடாததுக்குக் காரணமே அதுவாதான் இருக்கும்.

அதுக்காக அந்தக் காலத்து வீட்டுல எதுவுமே வெளிய போகாதுன்னு நினைச்சுராதீங்க. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்னு ஒருத்தர் வருவார், பழைய துணிக்குப் பாத்திரம்னு ஒரு அம்மா கூடையோட வரும், சரிகைக்காக பழைய பட்டுப்புடவை வாங்கிட்டுப் போறவர் வருவார், போகி அன்னைக்கு மிச்சம் மீதி எரியும் (டயரையும் ப்ளாஸ்டிக்கையும் எரிக்கிற பழக்கம் வந்து, 2018 போகிக்கு சென்னை ஏர்போர்ட்ல ப்ளேனே இறங்க முடியாம போச்சு, அது வேற கதை). வாசலுக்கே வந்து பேரம் பேசி எடுத்துட்டுப் போனாங்க. இப்ப அந்தக் கூடைக்கார அம்மாவை உங்க அபார்ட்மென்ட் செக்யூரிட்டி கேட்டுக்கு உள்ள விடுவாரா? டெலிவரி பையன் மட்டும் நேரா லிஃப்ட்ல ஏறி வருவான். உள்ள வர வழி அகலமாயிடுச்சு, வெளிய போற வழி அடைஞ்சு போச்சு, லாஃப்ட் ரொம்பாம என்ன செய்யும்.

உங்க டப்பாவுக்கு வரேன், அம்மா கேட்ட கேள்வி சரியான கேள்வி. 1990ல கானமன், நெட்ச், தேலர்னு மூணு ஆராய்ச்சியாளருங்க ஒரு சோதனையைப் பத்தி எழுதினாங்க. காலேஜ் பசங்கள்ல பாதிப் பேருக்கு காபி மக் குடுத்துட்டு என்ன விலைன்னா விப்பேன்னு கேட்டா, மக் இல்லாத பசங்க என்ன விலைக்கு வாங்குவேன்னாங்களோ அதுமாதிரி ரெண்டு மடங்கு சொல்றாங்க, மக் கைக்கு வந்தே கொஞ்ச நேரம்தான் ஆச்சு. அப்ப நாப்பது வருஷத்துக்கு மேல கூட இருந்த அண்டாவுக்கு எவ்வளவுன்னு நீங்களே பாத்துக்கங்க. எப்பவாவது தேவைப்படும்ங்கறது அம்மாவும் சொல்ற வசனம்தான், என்ன, அவங்க அண்டாவை வச்சு நிஜமா நாலு பேருக்கு சோறு போட்டாங்க, உங்க மைக்ரோ யூஎஸ்பி கேபிளை வச்சு யாருக்கு என்ன பண்ணப் போறீங்க. வீடியோ பாக்குறவங்களுக்கு இன்னொண்ணு, ஒழுங்குபடுத்துறதுலயே உலகம் பூரா பேர் வாங்குன மேரி கோண்டோ, மூணாவது குழந்தை பொறந்தப்புறம் அதை ஏறக்குறைய விட்டுட்டேன்னு 2023ல அவங்களே சொல்லிட்டாங்க.

அம்மாவுக்குப் புரிய வைக்க ஒண்ணும் இல்ல தம்பி. உங்க டப்பாவை முதல்ல காலி பண்ணுங்க, அவங்க கண்ணு முன்னாடி. அப்புறம் ஒரு லீவு நாள்ல லாஃப்ட்ல இருந்து எல்லாத்தையும் இறக்கி ஹால்ல பரப்பி, இது யாரு குடுத்ததும்மான்னு உக்காந்து கேளுங்க, சோபாவும் இல்ல, இடம் இருக்கும். பொண்ணையும் கூட உக்கார வைங்க. பேர் இருக்குறதுல எது இருக்கணும், எது அந்தப் பேர்க்காரங்க வீட்டுப் பேரப்பிள்ளை தனிக்குடித்தனம் போகும்போது போகணும்னு அவங்க சொல்லட்டும். பேர் இல்லாதது, அடி ஒடுங்கினது எல்லாம் அவங்களையே பாத்திரக்கடைக்குக் கூட்டிட்டுப் போய் எடைக்குப் போட்டு, கழிவு போக வர்ற காசுக்கு அவங்களுக்குப் பிடிச்சதை வாங்கட்டும், பேரமும் அவங்களே பேசட்டும், நீங்க பைக்குப் பக்கத்துல நின்னா போதும். பீரோவைத் தொடாதீங்க.

மனைவி ரெண்டு பக்கமும் பேசலன்னு ஒரே வரியில முடிச்சிட்டீங்க. லாஃப்டுக்குக் கீழ கூட்டிப் பெருக்குறது யாருன்னு எழுதலையே. அவங்களையும் எழுதச் சொல்லுங்க, பேர் போடாம அதையும் போடுறேன்.