அப்பாவைச் சென்னைக்கு அழைத்து வரலாமா?

கேள்வி: எனக்கு 29 வயது. துரைப்பாக்கத்தில் ஐ.டி. வேலை, நல்ல சம்பளம். ஆனாலும் ஞாயிறு மாலை வந்தாலே நெஞ்சு கனக்கிறது. அப்பாவுக்கு 68. அம்மா காலமான பிறகு தென்காசிப் பக்கம் எங்கள் கிராமத்தில் தனியாக இருக்கிறார். சின்ன பென்ஷன்தான், இருந்தும் என்னைவிட நிம்மதியாகத் தெரிகிறார். போன கோடையில் என்னோடு தங்க வந்தவர் பத்து நாளில் கிளம்பிவிட்டார். கட்டாயப்படுத்தி அழைத்து வரலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. நான் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்தவள். ஆண்கள் வார்டில் வயதானவர்கள் தங்கள் நோயைப் பற்றிக் கேட்டதைவிட, மாட்டுக்கு யார் வைக்கோல் போட்டார்கள், வயலுக்குத் தண்ணீர் முறை வந்ததா என்று கேட்டதுதான் அதிகம். அப்படிக் கேட்பதை நிறுத்திவிட்டவர்களைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வரும். உங்கள் அப்பாவுக்கு ஊரில் அவரை எதிர்பார்க்கிற வேலையும் மனிதர்களும் இருக்கிறார்கள். உங்கள் ஃபிளாட்டில் அவருக்கு டி.வி. ரிமோட்தான் இருந்திருக்கும்.

2017-18இல் இந்தியா முழுவதும் 45 வயதைக் கடந்த 72,000 பேருக்கு மேல் பார்த்துப் பேசி ஓர் ஆய்வு எடுத்தார்கள். லாசி என்று பெயர். அதை வைத்து 2024ஆம் ஆண்டு உலக மகிழ்ச்சி அறிக்கையில் நம் முதியவர்களின் வாழ்க்கைத் திருப்தி பற்றி ஒரு கட்டுரை வந்தது. அதைத் தீர்மானிப்பவற்றில் மூன்று முன்னால் நின்றன: எங்கே, யாரோடு இருக்கிறோம் என்பதில் மனநிறைவு இருக்கிறதா, மற்றவர்கள் தன்னை மட்டமாக நடத்துவதாக உணர்கிறாரா, தன் உடம்பு எப்படி இருப்பதாக அவரே நினைக்கிறார் என்பது. தனிமை முதியவர்களுக்கு நல்லது என்று நான் சொல்லவில்லை. ஆனால் மனமில்லாமல் வந்து இருப்பவர், பிள்ளைகள் நடுவிலும் தனியாகத்தான் இருப்பார்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தில் உங்களைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் கவலை. இளமை என்றால் சந்தோஷம் என்று எல்லோரும் சொல்வதால், கனக்கிற நெஞ்சை உங்கள் குறையாக நினைத்துவிடாதீர்கள். அதே 2024 அறிக்கையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் 30 வயதுக்குக் கீழ் இருப்பவர்கள் 60ஐத் தாண்டியவர்களைவிட மகிழ்ச்சியில் மிகவும் பின்தங்கியிருந்தார்கள். ஸ்டான்ஃபோர்டு உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் ஒரு காரணம் சொல்கிறார். முன்னால் நிறையக் காலம் இருக்கிறது என்று நினைக்கும் வயதில் புதிய ஆட்கள், புதிய திறமை, அடுத்த வாய்ப்பு என்று சேர்த்துக்கொண்டே போகிறோம். காலம் குறைவு என்று தெரிந்ததும் மனசுக்கு நெருக்கமான சிலரை மட்டும் வைத்துக்கொள்கிறோம். அப்பா அந்த இடத்துக்கு வந்துவிட்டார், நீங்கள் இன்னும் வரவில்லை. அவருடைய நிம்மதியை வைத்து உங்களை அளக்காதீர்கள்.

வயதானால் நிம்மதி தானாக வந்துவிடும் என்றும் இல்லை. முன்னாள் சோவியத் நாடுகளில் வயது ஏற ஏறத் திருப்தி குறைந்ததையும் ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். நிம்மதிக்குக் கையில் வருமானமும் வேண்டும். அப்பாவின் பென்ஷன் சின்னதாக இருந்தாலும் மாதா மாதம் வருகிறது, யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை. இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

1938இல் ஹார்வர்டில் தொடங்கி இன்றும் நடக்கும் ஆய்வில், 50 வயதில் உறவுகளில் நிறைவோடு இருந்தவர்களே 80இல் அதிக ஆரோக்கியமாக இருந்தார்கள்; கொலஸ்டிரால் அளவுகூட அதை அவ்வளவு சரியாகக் காட்டவில்லை. ஆண்களை மட்டும் வைத்துத் தொடங்கிய ஆய்வுதான், இருந்தாலும் உங்களுக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். ஆபீஸுக்கு வெளியே வாரம் ஒரு தடவையாவது நேரில் பார்க்கிற ஒரு தோழி உங்களுக்கு வேண்டும். கனம் குறையாமல் தூக்கமும் சாப்பாடும் கெட்டால், தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

அப்பாவுக்கு இப்போது செய்ய வேண்டியவை வேறு. குளியலறையில் பிடிமானக் கம்பி வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் நம்பர் உங்களிடமும், உங்கள் நம்பர் அவரிடமும் இருக்கட்டும். பி.பி., சுகர் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருமா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். அவர் கீழே விழுந்தாலோ, மாத்திரையை மறந்தாலோ, வழக்கமாகப் போகிற டீக்கடைக்குப் போவதை நிறுத்தினாலோ மறுபடி பேச வேண்டும். அப்போதும் எங்கே இருக்க விரும்புகிறார் என்று முதலில் அவரிடமே கேளுங்கள்.