'திரும்பவும்' என்று சொல்லாதே: வண்டிக்குள் பேசும் குரலைப் பற்றி

கேள்வி (பாலக்கோடு, தக்காளி லோடு ஓட்டுபவர்): போன் மேப்பில் வழி சொல்லும் குரல் 'திரும்பவும்' என்று மரியாதையாகத்தான் பேசுகிறது. ஆனாலும் மனசுக்கு ஒட்டவில்லையே, ஏன்?

பதில்: அது மரியாதை இல்லை அண்ணா, நழுவல். 'திரும்பு' என்றால் நீ, 'திரும்புங்க' என்றால் நீங்க. 'திரும்பவும்' இரண்டிலும் சேராது. 'செருப்பை வெளியே விடவும்' என்ற போர்டு வாய் திறந்து பேசுவதுபோல இருக்கும். இன்னொரு தொல்லையும் உண்டு. தர்மபுரி டவுனுக்குள் என் மாமனாரிடம் "வலதுபுறம் திரும்பவும்" என்றது. "திரும்பவும் ரைட்டா? முதல் ரைட்டே இன்னும் போகலையே!" என்று நடுரோட்டில் பிரேக்கை மிதித்துவிட்டார். பின்னால் வந்த பஸ்ஸின் ஹாரன் இன்னும் என் காதில் இருக்கிறது.

கேள்வி (தர்மபுரி, டாக்ஸி டிரைவர்): தொப்பூர் கணவாயில் பணிவாக எச்சரித்தால் நல்லதுதானே?

பதில்: சேலம் பக்கம் இறங்கும்போது பணிவுக்கு நேரம் கிடையாது. "தயவுசெய்து வேகத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ள முடியுமா" என்று சொல்லி முடிக்க நாலு வினாடி ஆகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் 65 மீட்டருக்கு மேல் போய்விடுவீர்கள். அதோடு, 'முடியுமா' என்று கேட்டால் கேட்பவருக்கு அது யோசனையாகத்தான் படும். "வேகம் குறைங்க, இறக்கம்." அந்த 'ங்க' ஒன்றே போதும்.

சொல்லைவிடத் தொனிக்குப் பலம் அதிகம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிளிஃபோர்ட் நாஸ் குழு 2005-இல் வெளியிட்ட ஆய்வில், சிமுலேட்டரில், அதாவது ரோட்டில் இறங்காமல் திரையைப் பார்த்து ஓட்டும் கருவியில், ஓட்டியவர்களிடம் கார் ஒரே வசனத்தை இரண்டு தொனியில் பேசியது. உற்சாகமாக இருந்தவருக்குத் துள்ளலான குரலும், மனம் சரியில்லாதவருக்கு அடங்கிய குரலும் வாய்த்தபோது விபத்துகள் குறைந்தன. வீட்டில் சண்டை போட்டுவிட்டு வண்டி எடுத்தவரிடம் ரேடியோ தொகுப்பாளர்போல் பேசினால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

கேள்வி (ஓசூர், ஐடி வேலை): அந்தக் குரல் 'மச்சி' என்று பேசினால் ஜாலியாக இருக்காதா?

பதில்: இருக்கும், வழி சரியாகச் சொல்லும்வரை. முட்டுச்சந்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு "சாரி மச்சி" என்றால் போனைத் தூக்கி எறியத் தோன்றும். அப்புறம், பின் சீட்டில் அப்பா இருப்பார்.

கேள்வி (பர்கூர், குடும்பத் தலைவி): எங்கள் கார் நாம் சொல்வதையும் கேட்கும்; பையன் அதை 'ஏய், ஏசி போடு' என்று அதட்டுகிறான். திருத்தணுமா?

பதில்: மெஷினுக்கு வலிக்காது. ஆனால் போன வாரம் என் மகள் அதே தொனியில் தாத்தாவிடம் "ஏய், ஜன்னல மூடு" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வண்டியில் எல்லோருக்கும் 'போடுங்க'தான், ஏசி உட்பட.